வாக்கிங் போனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடப்பது உடம்புக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு நேரம், எந்த வேகம், மூட்டு தேயுமா, சுகர் இறங்குமா என்று உள்ளே போனால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதில் பாதி ஃபார்வர்டு மெசேஜ் வழியாக வந்தது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்று மட்டும்: மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையின் அளவைத் தாங்களே குறைத்துவிட வேண்டாம்.

வெறும் நடைதானே? அதனால் உண்மையிலேயே பெரிய பலன் உண்டா?

உண்டு. அதற்கான ஆதாரம் தேடப்பட்ட கதையே சுவாரஸ்யமானது. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். டிரைவர் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், வாழ்க்கையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களிலும் உடனே உயிரிழந்தவர்கள் குறைவு. தபால் கொடுக்க அலைந்தவர்களையும், அதே துறையில் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களையும் ஒப்பிட்டபோது அங்கேயும் இதே போக்கு தெரிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம்தான். "குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ என்னவோ?" என்ற சந்தேகம் எழும் இல்லையா? மாரிஸ் குழுவே அதைச் சோதித்தது. ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடை பேன்ட்டுகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பளவு உண்மையிலேயே அதிகம்தான். ஆக, டிரைவர், கண்டக்டர் வித்தியாசம் முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதற்குப் பிறகு வந்த பல பெரிய ஆய்வுகள் எடை, வயது, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தன. அப்படிக் கழித்த பிறகும் நடப்பவர்களுக்கு இதய நோய், பக்கவாதம், இரண்டாம் வகை சர்க்கரை நோய் ஆகியவை குறைவாகவே வருகின்றன.

தினமும் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு. வேகமான நடை இந்தக் கணக்கில் சேரும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால் குறைந்தபட்ச அளவு வந்துவிடும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

முன்பு "ஒரே தடவையில் 10 நிமிடமாவது தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு" என்று ஒரு விதி இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். காலையில் 8 நிமிடம், மதியம் 7 நிமிடம், அப்புறம் சாயங்காலம் கால் மணி என்று துண்டு துண்டாக நடந்தாலும் கூட்டிக்கொள்ளலாம்.

அரை மணி நேரம் கிடைக்கவே கிடைக்காது என்றால்?

கிடைக்கிற நேரத்துக்கு நடங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட கணக்கில், வாரத்துக்கு 75 நிமிடம், அதாவது நாளுக்கு 11 நிமிடம் மிதமான உழைப்பு உள்ளவர்களுக்கே அகால மரண ஆபத்து 23 சதவீதம் குறைவாக இருந்தது. ஒப்பீடு, அசையாமல் இருப்பவர்களோடு.

நடையின் பலன் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதுதான் காரணம். பூஜ்யத்திலிருந்து 15 நிமிடத்துக்கு வருபவருக்குக் கிடைக்கும் லாபம் மிகப் பெரியது. 60 நிமிடத்திலிருந்து 75-க்குப் போகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் நண்பரைப் பார்த்துவிட்டு, "நம்மால் அவ்வளவு முடியாது" என்று ஷூவையே எடுக்காமல் இருப்பவர்கள் இழப்பது இந்த முதல் கட்ட லாபத்தைத்தான். நடைப்பயிற்சி பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதி கொடுத்தால் நான் சொல்வது இதுதான்.

10,000 அடி கட்டாயமா?

இல்லை. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததே இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் கிளம்பியது. 1965-இல் அங்கே ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருவியின் பெயரிலேயே 10,000 இருந்தது. கேட்க முழு எண்ணாக, அழகாக இருந்ததால் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஆய்வுகள் வேறு எண்களைச் சொல்கின்றன. ஐ-மின் லீ என்ற ஹார்வர்டு பேராசிரியரின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களின் அடிகளைக் கருவி வைத்து எண்ணினார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடியைத் தாண்டிய பிறகு கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. 2022-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் பலன் சமனாகிவிடுகிறது என்று தெரிந்தது.

10,000 நடக்க முடிகிறவர்கள் தாராளமாக நடக்கட்டும், கெடுதல் இல்லை. ராத்திரி 11 மணிக்கு மீதி 800 அடியை முடிக்க ஹாலுக்குள்ளேயே சுற்றுவதுதான் கொஞ்சம் ஓவர்.

போனில் காட்டும் அடிக்கணக்கை நம்பலாமா?

தோராயமாக நம்பலாம். போனுக்குள் இருக்கும் அசைவு உணரி, உடம்பின் குலுக்கலை வைத்துத்தான் எண்ணுகிறது. மெதுவாக, கால் தேய்த்து நடந்தால் குறைத்து எண்ணும். போனை மேசையில் வைத்துவிட்டு நடந்தால் சொல்லவே வேண்டாம். கையில் கட்டிய வாட்ச்சாக இருந்தால், தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நடக்கும்போது கோட்டைவிடும். இன்றைய எண்ணை உங்களுடைய போன வார எண்ணோடு ஒப்பிடுங்கள். அடுத்தவர் வாட்ச்சோடு ஒப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

எந்த வேகத்தில் நடந்தால் "பயிற்சி" என்று சொல்லலாம்?

எளிதான சோதனை ஒன்று உண்டு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அது கடுமையான உழைப்பு. பக்கத்தில் வருபவரிடம் ஊர்க்கதை முழுக்க ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதென்றால் அது உலாத்தல். குழுவாகப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்க நடை தானாகவே தளர்ந்துவிடும்.

எண்ணிக்கையாக வேண்டுமென்றால், பெரும்பாலான பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு சுமார் 100 அடி என்பது மிதமான வேகத்தின் தொடக்கம். 15 நொடி எண்ணிப் பாருங்கள். 25 அடி வந்தால் சரி.

கொஞ்சம் பழகியவர்கள் ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் சோதித்த முறையை முயலலாம்: 3 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து சுற்று, வாரத்தில் நாலு நாள். 2007-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், நடுத்தர வயதினரும் முதியவர்களும் ஐந்து மாதம் இப்படி நடந்ததில், ஒரே சீரான வேகத்தில் நடந்தவர்களைவிடத் தொடை வலு, மூச்சுத்திறன், ரத்த அழுத்தம் மூன்றிலும் நல்ல முன்னேற்றம் இருந்தது. அரை மணி நேரம்தான் இருக்கிறது, அதில் அதிகம் பெற வேண்டும் என்பவர்களுக்கு இது எனக்குத் தெரிந்த நல்ல வழி.

வாக்கிங் போனால் எடை குறையுமா?

கசப்பான பதில்: நடையால் மட்டும் பெரிதாகக் குறையாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 70 கிலோ எடை உள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த அரை மணியில் 35 கலோரி போயிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 85 முதல் 90 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. சாப்பாடு அப்படியே இருந்தால், தினமும் அரை மணி நடந்து ஒரு கிலோ குறைய மூன்று மாதம் ஆகும். நடந்து முடித்த கையோடு இனிப்புப் பானம் ஒன்றைக் குடித்தால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்தது.

அதனால் எடை குறைப்பில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். ஆனால் நடைக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிப் படியும் கொழுப்பைக் குறைப்பது. எடை மெஷினில் முள் நகராதபோதும் இது நடக்கும். பேன்ட் கொஞ்சம் தளர்வது இதனால்தான். இரண்டு, கஷ்டப்பட்டுக் குறைத்த எடை மீண்டும் ஏறாமல் காப்பது. "ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கல" என்று சொல்லி நடையை நிறுத்திவிடுகிறவர்கள் தவறான மீட்டரைப் பார்க்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்கு நடை எப்படி உதவுகிறது?

இங்கேதான் நடை நிஜமாகவே மருந்துபோல வேலை செய்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் போக வழக்கமாக இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் தயவு இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசியுங்கள். நடையை முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகப் பதில் கொடுக்கும். அதற்குப் பிறகு பழைய நிலை. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்கிறார்கள்.

நோய் வருவதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வாரம் 150 நிமிட உடலுழைப்போடு எடையில் 7 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்துக்கொண்ட குழுவில் சர்க்கரை நோய் புதிதாக வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம்தான்.

சாப்பிட்ட உடனே நடக்கலாமா?

மெதுவாக நடக்கலாம், சர்க்கரைக்கு அது நல்லதும்கூட. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் தசை அதை எடுத்துக்கொள்ளும். 2013-இல் முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடப்பது, காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதற்குச் சமமாக நாள் முழுக்க உள்ள சர்க்கரையைக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தை அதைவிட நன்றாகவே அடக்கியது. பங்கேற்றவர்கள் 10 பேர்தான், அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் பிறகு வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. இரவு சாப்பிட்டதும் சோபாவில் சாயும் பழக்கத்துக்குப் பதில் கால் மணி நடை, செலவில்லாத மாற்றம்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு விறுவிறுவென்று நடப்பது வேறு விஷயம். வயிற்றுப்பிடிப்பும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

சர்க்கரை உள்ளவர்கள் நடக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இரண்டு விஷயம். முதலாவது, தாழ் சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கணையத்தைத் தூண்டும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி எல்லாம் அறிகுறிகள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

இரண்டாவது, பாதம். நரம்பு பாதிப்பால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ஷூவுக்குள் கிடக்கும் சின்னக் கல் ஒரு மணி நேரம் குத்தினாலும் தெரியாது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது ரத்தக்கறையைப் பார்த்துத்தான் தெரியவரும். அதனால் போடும் முன் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வந்ததும் குதிகால், விரலிடுக்கு, பெருவிரலின் அடிப்பகுதி மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

ரத்த அழுத்தம் குறையுமா?

குறையும், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 2021-இல் வந்த ஒரு பெரிய மதிப்பீடு 73 சோதனைகளை அலசியது. தொடர் நடையால் மேல் அளவு சராசரியாக 4 புள்ளிபோலவும், கீழ் அளவு 2 புள்ளிபோலவும் இறங்கியது. 160-இல் இருக்கும் பிபியை நடை தனியாக 120-க்குக் கொண்டுவராது. 132-இல் இருப்பவருக்கு அது பெரிய உதவி. மாத்திரையோடு நடையும் வேண்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

மூட்டு வலி இருக்கிறது. நடந்தால் இன்னும் தேயாதா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பயம் புரிகிறது. டயரைப் போல, ஓட ஓடத் தேயும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மூட்டுக் குருத்தெலும்பு உயிருள்ள திசு, அதுவும் ரத்தக்குழாயே இல்லாத திசு. அதற்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்தில் இருந்துதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தித் திரவத்தை வெளியே தள்ளும், தூக்கும்போது மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். ஊன்றாமல், தூக்காமல் உட்கார்ந்தே இருந்தால் இந்தப் பரிமாற்றம் மந்தமாகிவிடும். முழங்காலைத் தாங்க வேண்டிய தொடைத்தசையும் சூம்பும். அப்புறம் மூட்டின் மேல் விழும் சுமை இன்னும் கூடும்.

எனவேதான் மூட்டுத் தேய்மானத்துக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் உடற்பயிற்சியை முதல் சிகிச்சைகளில் ஒன்றாக வைக்கின்றன. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு ஓர் ஊக்கம்: உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது.

எவ்வளவு வலி வரை நடக்கலாம்? நடக்கும்போது லேசாக வலித்து, அன்று இரவுக்குள் பழையபடி ஆகிவிட்டால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதல் வலி இருந்தால் முந்தைய நாள் நடந்தது அதிகம், தூரத்தைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, நடக்கையில் முழங்கால் "மாட்டிக்கொண்டாலோ", மடங்கிவிட்டாலோ நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முதுகு வலிக்கு?

நல்ல செய்தி புதிதாக வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்திய சோதனை 2024-இல் வெளியானது. கீழ்முதுகு வலி வந்து குணமானவர்களில் ஒரு குழுவுக்கு, படிப்படியாகக் கூட்டி வாரம் ஐந்து நாள் அரை மணி நடக்கும்படி வழிகாட்டினார்கள். வலி திரும்பி வர அவர்களில் பாதிப் பேருக்கு ஆன காலம் 208 நாள். வழிகாட்டல் இல்லாத குழுவில் 112 நாள். ஆக, நடை வலியே வராமல் செய்துவிடாது, தள்ளிப்போடும்.

காலையில் நடப்பது நல்லதா, மாலையிலா?

எந்த நேரத்தில் உங்களால் மாதக்கணக்கில் விடாமல் போக முடியுமோ அந்த நேரம். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில் சுள்ளென்று இருக்கும் நேரத்தைத் தவிருங்கள். இருட்டில் போனால் வெளிர் நிற உடை போடுங்கள்.

ட்ரெட்மில்லில் நடந்தால் அதே பலன்தானா?

ஏறக்குறைய அதேதான். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் மட்டும் திரையில் காட்டும் கலோரியை நம்ப வேண்டாம். எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்கிறது.

வண்டி ஓடும் ரோட்டோரம் நடக்கலாமா?

வேறு வழி இருந்தால் வேண்டாம். லண்டனில் 60 வயது தாண்டியவர்களை ஒரு நாள் ஹைட் பார்க்கிலும், வேறொரு நாள் போக்குவரத்து நெரிசலான ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டு ஒப்பிட்டார்கள். 2017-இல் வெளியான முடிவு இது: பூங்காவில் நடந்த பிறகு நுரையீரல் திறன் கூடியது, ரத்தக்குழாய்களின் விறைப்பு குறைந்தது. புகை நிறைந்த தெருவில் நடந்தபோது அந்த நன்மையில் பெரும்பகுதி காணாமல் போனது. பெரிய சாலையை விட்டு உள்தெருவுக்கு மாறினாலே புகை கணிசமாகக் குறையும். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

ஷூ எப்படி இருக்க வேண்டும்?

விலை முக்கியமில்லை. பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம், குதிகாலை ஆடாமல் பிடிக்கும் பின்பகுதி, பாதம் மடங்கும் இடத்தில் மடங்கும் அடிப்பாகம், அவ்வளவுதான். சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் கொஞ்சம் உப்பி இருக்கும் நேரம் அது. பழைய ஷூவைத் தரையில் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அது ஓய்வு பெற வேண்டிய நேரம்.

வெறுங்கால் நடை, பின்னோக்கி நடை, காலில் எடை கட்டி நடப்பது?

சுத்தமான புல்தரையில் வெறுங்காலோடு சிறிது நேரம் நடந்தால் பாதத்தின் சிறு தசைகளுக்கு நல்லது. அதற்கு மேல் சொல்லப்படும் அற்புதங்களை நான் நம்புவதில்லை. பின்னோக்கி நடப்பது தொடைத்தசையை வேறு விதமாக வேலை வாங்கும், பிசியோதெரபியில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முதுகில் கண் இல்லை, கவனம். கணுக்காலில் எடை கட்டுவது வேண்டாம். நடையின் ஒழுங்கு மாறி முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். இன்னும் கடினமாக வேண்டுமென்றால் மேட்டில் ஏறுங்கள்.

மனதுக்கும் மூளைக்கும் ஏதாவது பலன் உண்டா?

உண்டு. இதைப் பலர் இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள், எனக்கு இதுதான் முதல் காரணம். 2022-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பரிந்துரைக்கப்பட்ட உடலுழைப்பில் பாதியளவு செய்தவர்களுக்கே மனச்சோர்வு வரும் ஆபத்து 18 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் நடை உதவும். ஆனால் "வெளியே போய் நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்று அவர்களிடம் சொல்வது உதவாது. எழுந்து செருப்பை மாட்டுவதே அவர்களுக்கு மலை. கூடவே போங்கள்.

நினைவாற்றலுக்கு: 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் நடந்தது. மற்றது உடம்பை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தது. ஓராண்டில், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்ற குழுவில் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. வயதாக ஆகச் சுருங்குவதுதான் அதன் இயல்பு.

தூக்கமும் மேம்படும். படுக்கப் போகும் நேரத்தை ஒட்டி மூச்சு வாங்க நடக்காமல் இருந்தால் போதும்.

அப்பாவுக்கு 75 வயது. அவர் நடக்கலாமா?

நடக்க வேண்டும். முதியவர்களின் நடை வேகமே அவர்கள் உடல்நிலையைக் காட்டும் ஓர் அளவுகோல். 34,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் தரவைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வில், நொடிக்கு 1 மீட்டரோ அதற்கு மேலோ நடக்க முடிந்தவர்கள் தங்கள் வயதுக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் 4 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு நாலு அடி முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடந்து வரச் சொல்லி, இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆகும் நேரத்தைப் பாருங்கள். 4 நொடிக்குள் கடந்தால் நன்று. 6, 7 நொடி ஆகிறதென்றால் அவசரப்படுத்த வேண்டாம். வேகக்குறைவு காரணம் இல்லை, அறிகுறி. பார்வையா, காலில் வலுவா, மூச்சா, சாப்பிடும் மாத்திரையால் வரும் தலைசுற்றலா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

இன்னொன்று: கீழே விழாமல் இருக்க நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு வலுவிலும் அப்படித்தான். நடை கொஞ்சம் காக்கும், முழுப் பாதுகாப்புக்குத் தசைப் பயிற்சியும் தேவை. கைத்தடி வேண்டுமென்றால் வெட்கப்படாமல் பிடிக்கட்டும்.

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. காலை நடை அதைச் சரிக்கட்டுமா?

பெருமளவு சரிக்கட்டும், ஆனால் அரை மணி போதாது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண ஆபத்தை ஈடுகட்ட 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு தேவைப்பட்டது. எல்லோராலும் முடியாது என்பது தெரிந்ததுதான். அதனால் நடுநடுவே எழுந்திருங்கள். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலில் தேங்கிய ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்த வேலை நின்றுபோய்ச் சாயங்காலம் கணுக்கால் வீங்கும், சாக்ஸின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். போன் பேசும்போது எழுந்து நடப்பது நல்ல தந்திரம்.

கர்ப்பிணிகள் நடக்கலாமா?

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் தாராளமாக. அவர்களுக்கும் வாரம் 150 நிமிடம்தான் பரிந்துரை. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, தலைசுற்றல், அடிவயிற்றில் விட்டு விட்டு வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்போது நடையை நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், அது தோள், கை, தாடை பக்கம் பரவுவது, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டுவது, இதயம் தாறுமாறாகத் துடிப்பது. இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள், உதவி கூப்பிடுங்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று மீதித் தூரத்தை நடக்காதீர்கள். வலி குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ்தான்.

கவனிக்கப்படாமல் போகும் இன்னொரு அறிகுறி உண்டு. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் போய்விடும். திரும்ப நடந்தால் அதே தூரத்தில் மறுபடியும் வரும். வயசுக்கோளாறு என்று விட்டுவிடுவார்கள். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், குறிப்பாகப் புகைப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும். விசித்திரம் என்னவென்றால், இதைக் கண்டுபிடித்த பிறகு கொடுக்கப்படும் முக்கியமான சிகிச்சையிலும் நடைதான் இருக்கிறது: மேற்பார்வையில், வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது.

வாரநாளில் முடியவில்லை. சனி, ஞாயிறு மட்டும் நடந்தால்?

வாரத்தின் மொத்த நிமிடங்கள் சரியாக இருந்தால் இதயத்துக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய அதேதான் என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் இது சரிவராது, காரணம் மேலே சொன்னதுதான். ஐந்து நாள் அசையாமல் இருந்துவிட்டு ஆறாம் நாள் இரண்டு மணி நேரம் நடந்தால் குதிகால் வலி வரவும் வாய்ப்பு அதிகம்.

காய்ச்சலில் மூன்று வாரம் விட்டுப்போச்சு. மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

விட்ட இடத்திலிருந்து வேண்டாம். இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சுத்திறன் இறங்கத் தொடங்கிவிடும், பழைய வேகம் மனதில்தான் இருக்கும். காய்ச்சல் முழுக்க விட்டு, சாப்பாடு பழையபடி இறங்க ஆரம்பித்த பிறகு, முன்பு நடந்த நேரத்தில் பாதியை, பாடிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடங்கள். மூன்று நாள் சோர்வில்லாமல் போனால் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். முதலில் நேரம் பழைய அளவுக்கு வரட்டும், வேகத்தை அதற்கடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். நடந்து வந்து பத்து நிமிடம் கழித்தும் படபடப்பு அடங்கவில்லை என்றால் அன்று போனது அதிகம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.